பேண்ட் நின்ற இடம்

சீசன் சமயத்தில் குற்றாலத்துக் கல்யாண மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்தால், வெளியே மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே வரும். ஃபேன் அதை எடுத்து எல்லார் முகத்திலும் பூசிவிடும். அன்று சாயங்காலமும் அப்படித்தான். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்கள். மண்டபமெல்லாம் எண்ணெய் மணமும் சீயக்காய் மணமும். மேடையில் பித்தளை வாத்தியங்கள் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தன. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம்.

என் மகள் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே மாணவர்கள் நடத்தும் ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசிக்கிறாள். பிக் பேண்ட் என்கிறார்கள். முன்வரிசையில் சாக்ஸபோன், நடுவில் டிராம்போன், பின்னால் டிரம்பெட், ஓரத்தில் பியானோவும் டிரம்ஸும். சீசன் கூட்டம் இருக்கும் என்று இந்தத் தடவை குற்றாலத்தில் கச்சேரி வைத்தார்கள். பக்கத்தில் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் குற்றால மலை தெரியும். அதன் அடிவாரத்தில் என் மகள் ஜாஸ் வாசிப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன்.

சந்தோஷம் மட்டும் என்றால் பரவாயில்லை. கூடவே பயமும் இருந்தது. முந்தின வாரம் அவள் ஃபோனில் சொன்னதுதான் காரணம்.

“யம்மா, ஒரு பாட்டுல நடுவுல பேண்ட் மொத்தமும் சட்டுனு நின்னுரும். நான் மட்டும் எந்திரிச்சு தனியா வாசிக்கணும். போன ரெண்டு கச்சேரிலயும் அந்த இடத்துல எனக்கு மூச்சே வரல. சும்மா நின்னேன்.”

“பயந்தானட்டி அது. பழகுனா போயிரும்.”

“போகல. குற்றாலத்துலயும் அப்படியானா சாக்ஸபோன காலேஜ்ல திருப்பிக் குடுத்துருவேன். முடிவு பண்ணிட்டேன்.”

முடிவு பண்ணிவிட்டால் அவளை அசைக்க முடியாது. அவள் அப்பாவும் அப்படித்தான், பட்டாளத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் சாப்பிட உட்காரும் நேரத்தைக்கூட மாற்றியதில்லை. அந்தப் பிள்ளை வீட்டில் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். கூப்பிட்டால் கேட்காது. அவ்வளவு பிரியமான ஒன்றை ஒரு பயத்துக்காக விட்டுவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்?

அவளிடமிருந்து எங்களுக்கும் கட்டளை வந்தது. ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் பாட்டு ஓடும்போதே கைதட்ட வேண்டும், மற்ற நேரம் சத்தம் காட்டக்கூடாது. சரி சரி என்றேன். என் பிறந்த ஊரிலிருந்து வந்திருந்த மதினியிடமும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் ஐந்தாறு பேர் கொண்ட சின்னக் குழு ஒன்று வாசித்தது. என் வீட்டுக்காரர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேண்ட் என்றால் அணிவகுப்பு.

“ஏளா, உக்காந்துக்கிட்டு வாசிக்கான். இது என்ன பேண்டு?” என்றார்.

“சும்மா இருங்க. எல்லாரும் பாக்காவ” என்றேன்.

டிரம்ஸ் வாசித்த பிள்ளை குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய கம்பிகளால் ஆன தூரிகையை எடுத்து வருடினான். ஓட்டில் சாரல் விழுகிற அதே சத்தம். வெளியே அருவி, உள்ளே அது, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. பியானோ எங்கோ தூரத்தில் நடந்துபோனது. மதினி தூங்கிவிட்டாள். என் கண்ணும் சொருகியது. மண்டபத்தின் சுவர்கள் எடுபட்டுப் போய், மலையும் மேகமும் நானும் ஒரே ஈரத்தில் மிதந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. இப்படியே இருந்துவிட்டால் தேவலை, அவள் முறை வரவே வேண்டாம் என்று நினைத்தேன்.

வந்தது. பெரிய பேண்ட் மேடையேறியது. அவள் முன்வரிசையில் இருந்தாள். பாட்டு மெதுவாகத் தொடங்கி, டிரம்பெட்டுகள் எழுந்து, டிரம்ஸ் துரத்தி, படிப்படியாக மேலே ஏறியது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. உச்சிக்குப் போனது. சட்டென்று நின்றது.

அவள் எழுந்து நின்றாள். வாத்தியம் வாயில் இருந்தது. தோள் உயரவில்லை. மூச்சு வரவில்லை.

ஆலங்குளம் பக்கம் என் பிறந்த ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடக்கும்போது மேளம் இப்படித்தான் உச்சிக்கு ஏறிச் சட்டென்று நிற்கும். நின்ற அந்த நொடியில் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட வேண்டும். அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. குலவை எழாவிட்டால் இறங்க வந்த சாமி வாசலிலேயே நின்றுவிடும். இந்தச் சித்திரையில்கூட நான் போய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. மேளம் நின்றது, என் நாக்கு புரண்டது. மண்டபம் முழுக்க என் குலவை. தூங்கிக்கொண்டிருந்த மதினி கண்ணைத் திறக்காமலே சேர்ந்துகொண்டாள். மொத்தக் கூட்டமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். செத்தேன் என்று வாயை மூடினேன்.

நான் விட்ட இடத்திலிருந்து சாக்ஸபோன் கேட்டது. அதே உயரத்தில், அதே நடுக்கத்தோடு. குலவையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பிறகு அதை உதறிவிட்டு அவள் பாட்டுக்கு எங்கெங்கோ போனாள். கண் மூடியிருந்தது. வீட்டில் வாசிக்கிறபோது இருக்கிற அதே முகம். பேண்ட் மறுபடி சேர்ந்துகொண்டபோது கைதட்ட வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர்தான் தட்டினார், பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொடும் வரைக்கும் தட்டினார்.

கச்சேரி முடிந்து வெளியே கூரைக்குக் கீழே நின்றோம். சாக்ஸபோன் பெட்டியோடு அவள் வந்தாள். சபையில் மானத்தை வாங்கிவிட்டேன், திட்டப்போகிறாள் என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

“உன் சத்தம்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

“ஏட்டி, கோவமா?”

“கோவந்தான். அந்தக் கோவத்துலதான் மூச்சு வந்துச்சு.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சாரல் வலுத்தது. பெட்டி நனையப்போகிறதே என்று அவர் அதை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. துப்பட்டாவை இழுத்து அதன் மேல் போர்த்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்ப்பா. இது என்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, தலை நனைய எங்களுக்கு முன்னால் நடந்தாள்.