அக்கா வீட்டுத் தொழுவில் கோமாரி

பிள்ளைகளே, அந்த வருஷம் நான் ஏன் உங்கள் அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். "அம்மாகூடச் சண்டையாப்பா?" என்று சின்னவள் ஒருநாள் போனில் அழுதாள். சண்டை ஒன்றும் இல்லை. மாட்டுக்கு வந்த சீக்குதான் காரணம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் வேலை பால் கறப்பது என்று உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்க் கறக்கிற வேலை. மடியைக் கழுவ வேண்டும், கறக்க வேண்டும், பாலை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுக்க வேண்டும். மகாராஜபுரத்தில் நம் தெருவில் சில வீடுகள், கான்சாபுரத்தில் சில வீடுகள். அந்தப் பாலெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பால்கோவா ஆகிவிடும். ஒரு மாட்டின் மடியைத் தொட்ட கை, சற்று நேரத்தில் இன்னொரு மாட்டின் மடியில் இருக்கும். என் பிழைப்பே அப்படிப்பட்டது. அதனால்தான் இந்தக் கதை என் தலையில் விழுந்தது.

கான்சாபுரத்தில் என் அக்கா, அதாவது உங்கள் அத்தை வீடுதான் காலையில் என் முதல் வீடு. அத்தானுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. முதல் பஸ்ஸுக்குப் போகிறவருக்குப் புதுப்பாலில் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அக்கா அந்த நேரத்தை எனக்கு வைத்திருந்தாள். அவள் கறக்க மாட்டாள். முன்பு ஒருமுறை வலது மணிக்கட்டு ஒடிந்து கூடியதிலிருந்து, காம்பை இழுத்துப் பிழிய அந்தக் கைக்கு வலு இல்லை.

அன்று காலை போனபோது அக்காவின் புள்ளிமாடு எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரை வரை தொங்கியது. நாக்கைச் சப்புக்கொட்டுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. தட்டி எழுப்பினால், சுடுமணலில் நிற்பதுபோல் காலை மாற்றி மாற்றி வைத்தது. குளம்பின் பிளவில் கொப்புளம், காம்பிலும் கொப்புளம். இரண்டு நாளாகச் சேத்தூர்ப் பக்கம் கோமாரி இருப்பதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, இது கோமாரி."

"வாய மூடுலே. பச்சப்புல்லு தின்னு வாய் வெந்திருக்கும்."

அடுத்த வீட்டுக்கு நான் போகவில்லை. எல்லோருக்கும் போன் போட்டு, இன்றைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருத்தர், "நீ வராம இருக்கறதே பெரிய உதவி" என்று பட்டென்று வைத்துவிட்டார். அடுத்து மருந்தகத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். சின்ன வயது, ஆனால் நிதானமான பெண். வந்து பார்த்ததும் மாட்டின் காதைத்தான் முதலில் தடவினார்.

"ஊசி போட்டதுக்கு மஞ்ச வில்லை இருக்கணுமே. இதுக்கு ஏன் இல்ல?"

அக்கா தரையைப் பார்த்தாள். தடுப்பூசி முகாமுக்கு ஆள் வந்தது ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம். பால்கோவா அதிகம் விற்கிற நேரம் அது. ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் பால் குறையும் என்று கேள்விப்பட்டு, மேய்ச்சலுக்குப் போகிறேன் என்று மாட்டைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் மட்டும் இல்லை, எங்கள் பக்கம் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். வருஷம் பூராவும் கேட்கிற பாலை விட, தேர் வாரத்தில் கேட்கிற பாலுக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

"இது வைரஸ். இதக் கொல்ல மருந்து கிடையாது. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்தான் குடுக்க முடியும். தானா ஆறணும். ஆனா மடியில பால் தேங்கக் கூடாது. தேங்குனா மடிவீக்கம் வந்துரும், காம்பு போயிரும்" என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுல மாடு இருக்கா?"

இருந்தது. நம் செவலை. நிறைசினை, கன்று போடுகிற மாதம். முகாமின்போது அதைப் பார்த்துவிட்டு, இந்த நிலையில் வேண்டாம், கன்று போட்ட பிறகு போடலாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அதற்குள் இது வந்துவிட்டது.

"அப்ப நல்லாக் கேட்டுக்கோங்க. இந்த மாட்டக் கறக்குற கை அந்தத் தொழுவுக்குள்ள போகவே கூடாது. சட்ட, செருப்பு, வண்டி டயர், எல்லாத்துலயும் இது வரும். இப்பப் பொறக்குற கன்னுக்குத் தொத்துனா வாயில புண்ணு வர்றதுக்கு முன்னாடியே நெஞ்சு நின்னுரும். நேத்து சாயந்தரம் இங்க கறந்துட்டு நேரா வீட்டுக்கா போனீங்க?"

"போய்க் குளிச்சேன். துணி மாத்துனேன். செவலைக்குத் தண்ணி காட்டுனது வீட்டுக்காரி."

"நல்லது. இருந்தாலும் ரெண்டு வாரம் பயந்துதான் இருக்கணும்."

உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மதினி கையால கறக்க முடியாது. நீங்க அங்கனயே இருங்க. நான் செவலையைப் பாத்துக்கிடுதேன்" என்றாள். எனக்கு நாலு லுங்கியையும் சட்டையையும் ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் வந்த அத்தானிடம் கொடுத்துவிட்டாள். அந்தப் பை திரும்ப வரக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள்.

இனிதான் பெரிய தொல்லை. நம் ஊர்ப்பக்கம் மாட்டுக்குச் சுகமில்லை என்றால், மனுஷனைப் பார்க்கப் போவதுபோல் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். அதுவும் கோமாரி என்றால், நாட்டு வாழைப்பழத்தை நல்லெண்ணெயில் முக்கி, வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் கையால் வாய்க்குள் தள்ளிவிடுவார்கள். வாய் புண்ணான மாடு வைக்கோலைத் தொடாது, பழம் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதில் தப்பு இல்லை. ஆனால் முழங்கை வரை எச்சிலோடு எழுந்து, அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவரவர் வீட்டுத் தொழுவுக்குப் போவார்கள். காதுகுத்துக்கு வராதவர்களைக்கூட மன்னித்துவிடுவார்கள், மாட்டைப் பார்க்க வராதவர்களை மன்னிக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா சொன்னபடி, தெருவிலிருந்து அக்கா வீட்டுக்குத் திரும்புகிற சந்தில் ஒரு கயிற்றைக் கட்டினேன். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் சாக்கை நனைத்துக் கீழே போட்டேன். உள்ளே யாரும் வரவேண்டாம், பழம் கொண்டுவந்தால் கூடையில் வைத்துவிட்டுப் போங்கள், நான் கொடுத்துக்கொள்கிறேன் என்றேன். முதலில் வந்தவள் எதிர்வீட்டுப் பெரியம்மா. கையில் பழச் சீப்பு, எண்ணெய்க் கிண்ணம், எல்லாம் தயார்.

"ஏலே, கால நனச்சிட்டா வரணும்? உள்ள என்ன கோயிலா இருக்கு?"

"கோயிலுக்கு உள்ள போகையில கால் கழுவணும் பெரியம்மா. இங்க வெளிய போகையிலதான் முக்கியம். அதான் உள்ளயே வராதங்கேன்."

"எங்கையால ஒரு பழம் தின்னா மாடு செத்தா போயிரும்?"

"அந்த மாடு சாவாது. ஒன் எரும படுத்துரும்."

எருமை என்றதும் கிண்ணம் இறங்கியது. ஆனால் போகும்போது, "ஒங்கக்காளுக்குப் பெரிய எடம்னு நெனப்பு வந்துட்டு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அது அக்கா காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டை நங்கென்று வைப்பாள். இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் வெடித்தாள்.

"எம்மாட்டப் பாக்க ஒரு நாதி வரல. என்ன பாவம் செஞ்சேன்னு ஊரு பேசுது. நாங்க என்ன தள்ளி வச்ச குடும்பமா? ஒன் செவலைக்காக எம்மானத்த வாங்குதியே!"

"செவலைக்காக மட்டும் இல்லக்கா."

"வேற யாருக்கு? எல்லாம் ஒம் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தது."

உள்ளபடி சொன்னால், செவலைதான் பாதிக் காரணம். கூடைக்கு வந்த பழத்தை எல்லாம் நான்தான் எண்ணெய் தடவிக் கொடுத்தேன். காலையும் மாலையும் வெந்நீரால் மடியைத் துடைத்து, காம்பில் வெடித்த புண்ணில் விரல் படாமல் மெதுவாகக் கறந்தேன். மாடு வலியில் உதைத்தது. தொடையில் வாங்கிய உதை ரொம்ப நாள் கன்றிப்போய் இருந்தது. கறந்த பாலை விற்கவில்லை, குழி வெட்டிச் சோடாத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றி மூடினேன். பால் மண்ணில் இறங்குவதை அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

உங்கள் அம்மா தினமும் வீடியோ போனில் செவலையின் வாயைத் திறந்து காட்டுவாள். ஈறு சிவந்திருக்கிறதா, நாக்கு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிட உட்காருவேன்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் போன் வந்தது. உங்கள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு. ஒரு காலுதான் வெளிய வருது. மூக்கு தெரியுது. இன்னொரு கால காணல."

கன்றின் ஒரு முன்னங்கால் மடங்கி உள்ளே மாட்டியிருக்கிறது என்று புரிந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "காலையில இருந்து கோமாரித் தொழுவாத்தான் ஏறி எறங்கிட்டிருக்கேன். நான் அங்க வரக்கூடாது. வத்திராயிருப்புல இருந்து வேற டாக்டர அனுப்புதேன். வந்து சேர நேரமாகும்" என்றார்.

அதற்குள் கன்று திணறிவிடும். ஓடிப்போய் வண்டியில் சாவியைப் போட்டுவிட்டேன். குளித்துவிட்டுப் போனால் என்ன, புதுத்துணி கட்டிக்கொண்டு போனால் என்ன என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது அக்கா வந்து சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"போனியன்னா கால ஒடிச்சிருவேன். இந்தத் தொழுவுச் சீக்க அங்க கொண்டு போவியா? போனக் குடு இங்க."

பேசாமல் இருந்தவள், போனை வாங்கி உங்கள் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் கத்தினாள். "ஏட்டி, பயப்படாத. கைய முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. நல்லெண்ணெயத் தடவு. மாடு முக்கையில தள்ளாத, முக்குறது நிக்கட்டும், பொறவு கன்ன உள்ள தள்ளு."

"தள்ளு தள்ளுன்னா எங்கன தள்ள மதினி? கையே நசுங்குது!"

"நெஞ்சுல வச்சுத் தள்ளுட்டி!"

அதற்குப் பின் எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். மடங்கிய காலைத் தேடு. குளம்பு கிடைத்ததும் உள்ளங்கையால் மூடிக்கொள், இல்லையென்றால் கர்ப்பப்பை கிழிந்துவிடும். மூடினபடியே மெதுவாக முன்னால் கொண்டுவா. உங்கள் அம்மா போனைத் திண்டில் சாய்த்து வைத்திருந்தாள். அவள் முதுகும் செவலையின் வாலும்தான் எங்களுக்குத் தெரிந்தன. அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. பிறகு உங்கள் அம்மா கன்றின் இரண்டு காலையும் பிடித்து இழுத்து, அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் மடியில் ஏதோ ஈரமாகக் கிடந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்தாள். கன்று தும்மியது.

"கெடாரி" என்றாள். பெண் கன்று. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வத்திராயிருப்பு டாக்டர் வந்தபோது கன்று நாலு காலையும் விரித்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

அதன்பிறகும் நான் உடனே வரவில்லை. புள்ளிமாட்டின் புண் காய்ந்து, டாக்டரம்மா சரி என்று சொல்கிறவரை அங்கேயே இருந்தேன். அந்தச் சந்திலிருந்து வேறு எந்தத் தொழுவுக்கும் நோய் போகவில்லை. கயிறு கட்டாத இரண்டு தெருக்களில் போனது. பெரியம்மாவின் எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக அவள் என்னைப் பாராட்டவும் இல்லை. புள்ளிமாடு பிழைத்தது, ஆனால் ஒரு காம்பு கெட்டுப்போனது, பழைய பால் வரவே இல்லை. நான் கறந்துகொண்டிருந்த வீடுகளில் சிலர் புது ஆளையே வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த முகாமில் அக்காதான் முதல் ஆளாக மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தவள், தலையைத் திருப்பிக்கொண்டாள், ஊசியைப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். போட்டிருந்ததையெல்லாம் அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு, குளித்து, அத்தானின் வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தொழுவுக்குள் போனதும் கன்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் செவலையின் வயிற்றுக்கடியில் நுழைந்துகொண்டது. எத்தனையோ மாடுகள் என் வண்டிச் சத்தத்துக்கே கத்தும். என் வீட்டுக் கன்றுக்கு நான் யாரோ.

உங்கள் அம்மா சாணிக்கூடையோடு நின்றபடி சிரித்தாள். "யாரோ வெளியூர்க்காரவிய வந்திருக்காவன்னு நெனக்குது. செத்த நேரம் அப்பிடி உக்காருங்க, அதுவா வரும்."

நான் உட்கார்ந்தேன். வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது. உட்கார எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.