சாஸ்தா கோயிலுக்கு வராத அத்தை

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலைக்குக் கிளம்பிய என் அண்ணனுக்குச் சைக்கிளில் ஏறும்போதே வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. இப்போதுதான் நாற்பதைத் தாண்டியவன். பிரஷர் இல்லை, சுகர் இல்லை, பீடி வாசனையே ஆகாது. பாளையங்கோட்டையில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார்.

வராமல் என்ன! அப்பா பக்கவாதத்தில்தான் போனார். தாத்தாவும் அப்படித்தான். மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கிற அபூர்வமான பரம்பரை நோயாக இருக்கலாம், ஒரே ஒரு மரபணுவில் இருக்கும் பிழைதான் காரணம், யாருக்கு என்னென்ன வந்தது என்று விசாரித்து வாருங்கள் என்றார். விசாரிக்கிற வேலை எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அண்ணனை நினைத்து அழுத கண்ணோடேயே பரபரவென்று கிளம்பிவிட்டேன்.

உத்திரத்தன்று பங்காளிகள் எல்லாரும் எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலில் கூடினோம். ஒவ்வொரு பொங்கல் பானையாகப் போய் எல்லார் வாயையும் கிண்டினேன். சித்தப்பாவுக்குப் பேச்சுக் குழறல், அவர் மகனுக்குத் தீராத தலைவலி. எல்லாருமே ஆண்கள்! பெரியப்பா அடித்துச் சொன்னார்: "சாஸ்தாவுக்குப் பூசை கொறஞ்சு போச்சுட்டி. அதான் நம்ம ஆம்பளையளாப் பாத்து அடிக்காரு."

அதையே டாக்டரம்மாவிடம் போய் ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டார். "ஆணோ பெண்ணோ, பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டும்மா. உங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் எங்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்கல்லவா போவாள்! எங்கள் கோயிலில் தேடினால் எப்படி அகப்படுவாள்? அப்பாவுக்கு ஒரே தங்கை, திசையன்விளையில். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேரே பஸ் ஏறினேன்.

காப்பி வருவதற்குள் அத்தையிடம் தலைவலி உண்டா என்று கேட்டுவிட்டேன். "உனக்கு யாருட்டி சொன்னா? கண்ணு முன்னால நெளிநெளியா மின்னலு வெட்டும். பொறவு மண்டையப் பொளக்கும். சொன்னா இங்கன யாரு நம்புதா?" என்றாள். அப்புறம் காரணமில்லாமல் அழுகை, காலில் ஒரு தடுமாற்றம். அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே கோட்டிக்காரி, பைத்தியக்காரிதான். மந்திரித்த கயிறு ஒன்று கையில் கறுத்துக் கிடந்தது.

"யத்தை, உங்களுக்குக் கோட்டி இல்ல!" என்று அவளைக் கட்டிக்கொண்டு கத்தினேன். ரத்தப் பரிசோதனைக்குப் பாளையங்கோட்டைக்கு வரச் சொன்னேன். மாமா மட்டும், "கோட்டிக்குப் போயி ரத்தம் எடுப்பாவளாக்கும்?" என்று முனகினார். ஆனாலும் கூடவே வந்தார்.

அண்ணனின் ரத்தத்தில் கண்டுபிடித்த அதே மரபணுப் பிழை அத்தைக்கும் இருப்பதாக முடிவு வந்தது. பூரணமாகக் குணமாக்க மருந்து கிடையாது, பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், புகையிலை கூடவே கூடாது என்றார் டாக்டரம்மா. அத்தை அழுவாள் என்று பயந்தேன். அவளோ மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்க, "கேட்டியளா? நல்லாக் கேட்டுக்கிடுங்க. எனக்குக் கோட்டி இல்லியாம்!" என்றாள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தையின் இடுப்பில் செருகியிருந்த புகையிலைப் பொட்டலம் அங்கேயே குப்பைத்தொட்டிக்குப் போனது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இந்த வருஷ உத்திரத்துக்கு அத்தை தன் மகள்களோடு எங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து நின்றாள். "கெட்டிக்குடுத்த பொண்ணுக்கு இங்கன என்ன சோலி?" என்றார் பெரியப்பா. "ரத்தம் இங்கன இருந்துதான வந்துச்சு, அண்ணாச்சி?" என்றாள் அத்தை. பெரியப்பா பொங்கலை முதலில் அவளுக்குத்தான் கொடுத்தார்.

அண்ணன் இப்போது கம்பு ஊன்றாமல் நடக்கிறான். என் ரத்தத்தையும் கொடுத்திருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்? ஆனால் உண்டு என்றே வந்தாலும் சாமி குத்தம் என்று மூலையில் முடங்க மாட்டேன், அத்தையைப் போல நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்லுவேன்.