கதவின் நிலையை யாரும் தொடக்கூடாது

இரட்டைப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, லிஃப்ட் கம்பெனியில் மறுபடி நிரல் எழுத வந்தவள் அவள். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டாள். பிடித்த பிடியையும் விடமாட்டாள்.

அன்று காலை சோதனைக் கூடத்தில் மணல் மூட்டைகளோடு நின்ற லிஃப்ட், கதவு விரியத் திறந்திருக்கும்போதே விருட்டென்று மேலே கிளம்பியது. வாசலில் பாதி நீட்டிக்கொண்டிருந்த மூட்டை நசுங்கிக் கிழிந்தது. ஆள் இருந்திருந்தால்?

தோண்டித் துருவிப் பார்த்தாள். கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற தகவல் 'கதவு' என்ற கிளாஸுக்குள், அதாவது கதவுக்கென்று எழுதிய நிரல் பகுதிக்குள், பப்ளிக்காகக் கிடந்தது. நிரலின் எந்த மூலையிலிருந்தும் அதை மாற்றலாம். லிஃப்டின் திரைக்கு நிரல் எழுதுகிறவர், கதவு நிலையைக் காட்டும் எழுத்து மின்னி மின்னி அணைகிறதே என்று, அந்தத் தகவலில் நேராக 'மூடியது' என்று போட்டுவைத்திருந்தார். மோட்டார் அதை நம்பிவிட்டது.

அவள் அதைப் பிரைவேட் ஆக்கினாள். இனி கதவு கிளாஸுக்குள் இருக்கும் நிரல் மட்டுமே அதைத் தொடலாம், அதுவும் சென்சாரைக் கேட்டுத்தான். மற்றவர்கள் கேட்டால் பதில் கிடைக்கும், மாற்ற முடியாது. நிரலைச் சரிபார்த்து இயங்கும்படி மாற்றித்தரும் கம்பைலர் விடுமா? வெளியிலிருந்து கைவைத்த இடமெல்லாம் பிழை, பிழை என்று கத்தியது. ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

மேலாளர் ஓடிவந்தார். "என்னம்மா இது, எதுவுமே பில்ட் ஆகலையே! நாளைக்கு வாடிக்கையாளர்கள் பார்க்க வர்றாங்க. ஒரு நாளைக்கு மட்டும் பழையபடி விடுங்க."

"முடியாது சார். இன்னைக்குக் கிழிஞ்சது மூட்டை. நாளைக்கு ஏறப்போறது அவங்கதானே?"



திரைக்காரர் நைசாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அக்கா, ஒரு கிளாஸை ஃபிரெண்டுன்னு அறிவிச்சுட்டா அது பிரைவேட்டையும் தொடலாமே. என்னோடதை மட்டும் சேர்த்துக்கோங்களேன்."

"நீங்க எனக்கு ஃபிரெண்டுதான். உங்க திரை என் கதவுக்கு ஃபிரெண்டு இல்ல."

அவர் சிரித்துவிட்டார். பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பிழையாகத் தீர்த்தார்கள். எழுத்து மின்னுவதற்கும் திரையின் நிரலுக்குள்ளேயே வழி கிடைத்தது. இத்தனை நாள் அதை யாரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

மாலையில் வேறொரு மூட்டையை வாசலில் பாதி நீட்டிவைத்து, மேலாளரே பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் இம்மியும் அசையவில்லை. திரையில் 'கதவு திறந்திருக்கிறது' என்ற எழுத்து மின்னாமல் நின்றது.

எல்லோரும் பையைத் தூக்கினார்கள். அவள் பிரேக் கிளாஸைத் திறந்து பார்த்தாள். அதிலும் எல்லாமே பப்ளிக்.

"சார், காலையில இதையும் மாத்தணும்."

"வந்தவங்க போனப்புறம் பார்த்துக்கலாமேம்மா?"

"அவங்க ஏறுறதுக்கு முன்னாடி, சார்."