செம்மஞ்சள் கோட்

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் அடித்த பூச்சி உருண்டை வாசனை, இப்போது அடுக்குமாடி வீடுகளாகிவிட்ட லண்டன் நோர்பரி தேவாலய மண்டபத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. எண்பதுகளில் சனிக்கிழமைதோறும் அம்மாவும் நானும் அங்கேதான், கென்யாவில் ஏதோ ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பழைய உடுப்புகளையும் எழுதும் கொப்பிகளையும் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருப்போம்; டேப் கிழியும் சத்தமும் கெட்டில் கொதிக்கும் சத்தமும் ஈரக் கம்பளி மணமுமாக அந்தக் காலைகள் கழியும்.

லண்டனுக்கு வந்த புதிதில் அதே மண்டபத்தில் எனக்குக் கிடைத்தது, கழுத்தை அரிக்கும் ஒரு செம்மஞ்சள் கோட். ஒரு சனிக்கிழமை அதைப் பெட்டியொன்றின் அடியில் திணித்துவிட்டு, பஸ்ஸில் தொலைந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். வெயில் கொளுத்தும் நாட்டுக்குக் குளிர்கோட்டை அனுப்பிவிட்டேனே என்று பிறகுதான் உறைத்தது.

சில மாதங்களில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படம் வந்து மண்டபச் சுவரில் ஏறியது. பள்ளிக்கூடம் இருந்தது குளிரடிக்கும் மலைநாட்டிலாம். காலைப் பனிமூட்டத்தில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குள் ஒரு சிறுமி, என் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கழன்ற ஒன்றுக்குப் பதிலாகத் தான் தைத்துவிட்ட நீலப் பொத்தானை அம்மா படத்தில் விரலால் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தக் கோட்டுக்குள்ள நீ ஒருநாளும் இப்பிடிச் சிரிக்கேல்லை, பிள்ளை,” என்றார்.