பத்துப் பேரைக் கொடுத்துப் பத்துப் பேரை எடுத்தோம்

புதிதாகக் குழுத் தலைவியாகிறவர்களுக்காக எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாவதுதான் படித்தேன். தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.

1. சார் கேட்ட கேள்வி

திருவொற்றியூர் கடலோரத்தில் எங்கள் மகளிர் குழுவில் இருபது பேர். சின்னக் கடன்களை ஒழுங்காகக் கட்டி முடித்து, கருவாட்டு ஷெட் போடப் பெரிய லோன் கேட்டிருந்தோம். விசாரிக்க பேங்கிலிருந்து ஒரு சார் வந்தார். கொடுத்த கடன் என்னென்ன வழியில் திரும்பாமல் போகும் என்று யோசிப்பதுதான் அவர் வேலை. அதற்குச் சம்பளம். அதைப் பற்றிப் புத்தகம் வேறு எழுதியிருக்கிறாராம்.

தலைவி நான்தான். ஆனாலும் கதவோரம் நின்றுகொண்டேன். குழுவில் வாய்க்காரியான அஞ்சலைதான் பேசினாள்.

"ஒருத்தரால கட்ட முடியலைன்னா?"

"பக்கத்து வூட்டுக்காரி கட்டுவா சார்."

"அவங்க வீட்டுக்காரர் என்ன வேலை?"

"லாஞ்சுக்குப் போறாரு. இருபது பேர் வூட்லயும் லாஞ்சுதான். வேற ஆள நம்ப முடியுமா?"

"மீன்பிடித் தடைக்காலத்துல லாஞ்ச் ஓடாதே. அப்ப?"

"அவகிட்ட நான் வாங்குவேன், எங்கிட்ட அவ வாங்குவா."

சார் பேனாவை மூடினார். லோன் நின்றது. தெரிந்த முகமாகப் பார்த்துப் பார்த்து ஆள் சேர்த்தது நான்.

2. சம்பந்தம்

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் பெண்களின் குழுவிலும் இதே சங்கடம். லாரி ஸ்டிரைக் வந்தால் இருபது பேருக்கும் கூலி இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுபோல, பத்துப் பத்துப் பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் குழுவிடம் அஞ்சலை மூலமாகச் சொன்னேன்.

"இரும்புக்காரிங்களாண்ட நாங்க இன்னாத்துக்குப் போய்க் குந்தணும்?" என்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

"நான் போறேன்" என்றேன். என் குரலைப் பாதிப் பேர் அன்றுதான் கேட்டார்கள்.

"தலைவியே வாக்கப்பட்டுப் போறாடி! சீரு இன்னா, நாலு கூடை கருவாடா?" என்றாள் அஞ்சலை. சிரித்துக்கொண்டே ஒன்பது பேர் என் பக்கம் வந்தார்கள். என் பதவி அவளுக்குப் போயிற்று.

சார் மறுபடி வந்து புதுப் பட்டியலைப் பார்த்தார்.

"இதுக்கு எங்க புத்தகத்துல ஒரு பேரே இருக்கும்மா."

"பேரு கெடக்குது சார், கையெழுத்தப் போடு" என்றாள் அஞ்சலை. போட்டார்.

3. தடைக்காலம்

லாஞ்சுகள் கரையில் நின்றன. புதுக் குழுவில் என் தவணையை, இரும்பு தரம் பிரிக்கும் பாத்திமா கட்டினாள்.

"கடலுக்குப் பூட்டுப் போட்டாங்களாம், நான் கட்டணுமாம். லாரி ஸ்டிரைக்கு வரட்டும், உன்ன வெச்சிக்கிறேன்!"

வந்தது. அவள் தவணையை நான் கட்டினேன். அப்போதும் அவள்தான் திட்டினாள்.

நான் கற்றது இவ்வளவுதான். உங்களுக்கு இல்லாத நாளில் யார் கையில் இருக்குமோ, அவளைக் குழுவில் சேருங்கள். திட்டுவாள். திட்டட்டும்.