கொள்ளிடத்து மணலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள்

மூன்று வருஷத்துக்கு முன்பு, மாட்டுப் பொங்கல் சாயங்காலம், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்து மணலில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. துணி கொடுக்க வருகிறவர்கள் பேசுவார்கள், நான் தலையை ஆட்டுவேன். இப்படியே ஐம்பது வயதை நெருங்கிவிட்டேன்.

அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு மேடம் இருக்கிறார். காலேஜில் வேலை. அவரும் சிநேகிதர்கள் சிலரும் சேர்ந்து, கைவிட்ட நாய்களை மீட்டு வைத்தியம் பார்ப்பார்கள். நல்ல வீடு கிடைக்கும்வரை யார் வீட்டிலாவது தங்க வைப்பார்கள். ஒருநாள் வண்டிக்கு வந்து ஒரு நாயைப் பற்றிச் சொன்னார். கிரேஹவுண்ட் என்ற ஜாதியாம். எங்கேயோ ரேஸில் ஓடிக்கொண்டிருந்த நாய். முன்னங்கால் முறிந்ததும் இனி ஓட்டத்துக்கு ஆகாது என்று துறையூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். காலைச் சரி பண்ணியாகிவிட்டது. ஆனால் கூண்டையும் மைதானத்தையும் தவிர எதையும் பார்க்காமல் வளர்ந்ததால், அதற்கு மாடிப்படி ஏறத் தெரியவில்லை. முதல் படியிலேயே நின்று நடுங்குகிறது.

"உங்க வீடு தரையோட இருக்குல்லண்ணே, ஒரு மாசம் வச்சுக்கங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். முடியாது என்று சொல்வதற்கும் பேச வேண்டுமே.

வீட்டுக்குக் கூட்டிப்போனதும் என் மனைவி அதை மேலும் கீழும் பார்த்தாள். வயிறு முதுகோடு ஒட்டிப்போய், பக்கவாட்டில் பார்த்தால்தான் நாய், நேரே பார்த்தால் ஒரு கோடு. "ஏங்க, இதயும் நீங்கதான் தேச்சீங்களா?" என்று கேட்டாள். ஒல்லி என்று பேர் வைத்ததும் அவள்தான்.

ஓடுகிற நாய் என்றார்களே தவிர, அது ஓடி நாங்கள் பார்க்கவே இல்லை. பழைய போர்வையை மடித்துப் போட்டால் நாள் முழுக்கத் தூங்கும். ஃபேன் சுற்றினால் பயம், குக்கர் விசிலுக்குப் பயம். எழுந்தால் முன்னங்காலை லேசாகத் தாங்கி நடக்கும். வந்து நம் தொடையில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். முதல் வாரம் முணுமுணுத்த மனைவி, மூன்றாவது வாரம் எனக்கு முன்னால் அதற்கு முட்டைச் சோறு பிசைந்தாள்.

நாயை ஒப்படைக்கும்போது மேடம் அதன் கழுத்தில் இருந்த அகலமான துணிப்பட்டையைக் காட்டி, எதை மாற்றினாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்லியிருந்தார். விலை அதிகமான பட்டை, தொலைந்துவிடக் கூடாது என்று சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருச்சியில் ஒரு குடும்பம் ஒல்லியை நிரந்தரமாக வளர்க்க ஒத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் மாட்டுப் பொங்கல் வந்தது. எங்களிடம் மாடு இல்லை. இந்த வருஷம் இதற்குத்தான் பொங்கல் என்றாள் மனைவி. குளிப்பாட்டினோம், நெற்றியில் குங்குமம் வைத்தோம். துணிப்பட்டை நாறுகிறது என்று அவள் துவைத்துக் கொடியில் போட்டாள். நான் கடைத்தெருவில் கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மணி வைத்த தோல்வாரை வாங்கிவந்து கட்டினேன். அழகாகத்தான் இருந்தது. மணி சத்தத்தோடு ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போனேன்.

கொள்ளிடத்தில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. மற்றதெல்லாம் மணல். மாடு குளிப்பாட்டுகிறவர்கள், பட்டம் விடுகிறவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். தண்ணீர் ஓரத்திலிருந்து ஒரு கொக்கு எழுந்தது. ஒல்லி தலையைக் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தது. கயிறு என் கையிலேயே இருந்தது. அதன் முனையில் தோல்வாரும் மணியும் ஆடிக்கொண்டிருந்தன. நாய் இல்லை. இந்த ஜாதிக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுங்கியிருக்கும், இழுத்தால் இறுகுகிற அந்தத் துணிப்பட்டை இல்லாவிட்டால் வார் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் பின்னால் ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்துப் பட்டம் விட்ட இளவட்டங்களும் விசிலடித்துக்கொண்டு ஓடினார்கள். துரத்தத் துரத்த அது இன்னும் வேகமெடுத்தது. அது போன திசையில் சென்னை ரோடு. லாரியும் பஸ்ஸும் விடாமல் போகிற ரோடு.

மேடத்துக்குப் போன் போட்டேன். வார் மாற்றியதையும் நாய் நழுவி ஓடுவதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"ஓடாதீங்கண்ணே. துரத்துனா அது ரேஸுன்னு நெனச்சுக்கும். எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க. நீங்களும் உக்காந்துடுங்க, அதப் பாக்காதீங்க."

எல்லாரையும் நிறுத்துவதா? நானா? கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே மனைவியை அனுப்புகிறவன் நான். ஆனால் கரை மேல் லாரி வெளிச்சம் தெரிந்தது. கத்தினேன்.

"யாரும் ஓடாதீங்க. பயந்து ரோட்டுக்குப் போயிரும். தயவுசெஞ்சு எல்லாரும் அப்படியே உக்காருங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முதலில் பட்டத்துப் பிள்ளைகள் நின்று, உட்கார்ந்தார்கள். பிறகு குடும்பத்தோடு வந்த பெண்கள். தண்ணீரில் நின்ற ஒருவர் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி ஈரமணலில் உட்கார்ந்தார். ஏன், எதற்கு, யார் நாய் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட அங்கே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மாடுகள் மட்டும் நின்றன.

துரத்த ஆள் இல்லாததும் ஒல்லி கரைக்குக் கீழேயே திரும்பியது. எங்கள் எல்லாரையும் நடுவில் வைத்துப் பெரிய வட்டமாக ஓட ஆரம்பித்தது. பார்க்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். முடியவில்லை, பார்த்தேன். நான்கு காலும் காற்றில் இருந்த நேரம்தான் அதிகம். உடம்பு வில்லாக வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. என் வீட்டு மூலையில் குக்கர் விசிலுக்கு நடுங்கிய பிராணியா இது? யாருக்காகவும் இல்லாமல், ஜெயிக்க ஒன்றும் இல்லாமல், அது பாட்டுக்கு ஓடியது. அத்தனை பேர் இருந்தும் மணலில் அதன் கால் படுகிற சத்தம் கேட்டது. தூரத்துப் பாலத்தில் ஒரு ரயில் போனது.

பிறகு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மணி சத்தம் வராமல் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் கிட்டே வந்தது, மெதுவானது, நின்றது. முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது. சூடாக, மூச்சிரைக்க, வீட்டில் சாய்வது போலவே. அந்த நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகெலும்பில் தெரிந்தது. தோள் துண்டை மெல்ல எடுத்து அதன் கழுத்தில் சுற்றி முடிந்தேன். பிறகுதான் அழுதேன்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் ரகசியமாகக் கேட்டார். "ஏண்ணே, இப்ப எந்திரிக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை ஒல்லியை அழைத்துப்போக வந்தவர்களிடம், பட்டையை ஏன் மாற்றக் கூடாது என்று நானே கையைக் காட்டி விளக்கினேன். நான் இவ்வளவு பேசி மேடம் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு இன்னும் நான்கு நாய்கள் எங்கள் வீட்டில் தங்கிப் போயிருக்கின்றன. ஒவ்வொன்றையும் வாங்கும்போது எதற்கு, ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன்.

எங்கே வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய அந்தக் கால்கள் என்னிடம் திரும்பி வந்ததையும், முன்பின் தெரியாத அத்தனை பேர் எனக்காக மணலில் உட்கார்ந்ததையும் நினைக்கும்போது, இன்றைக்கும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறேன்.