பூஜையில் வைத்த கண்ணாடி

என் கூட்டாளியின் இடது கண் போனதற்குக் காரணம் நான்தான். அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொல்லிக்காட்டியதில்லை. வெல்டிங் வேலையில் இதெல்லாம் சகஜம் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். சகஜமாக நடந்தது எதுவும் அதில் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து திருவண்ணாமலையில் ஒரு கேஸ் வெல்டிங் கடை வைத்திருந்தோம். அவருடையது அந்த ஊரில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். நான் அவரை பாய் என்பேன். கம்பெனி சைக்கிள் ஒத்துவராதவர்கள் எங்களைத் தேடி வருவார்கள். பால்காரருக்கு நாலு கேன் தாங்குகிற பிரேம், குள்ளமான ஆளுக்குக் குள்ளமான பிரேம். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல ஆளை நிற்க வைத்துக் காலை அளந்து, குழாயை வளைத்து, பித்தளையில் பத்தவைத்துக் கொடுப்போம்.

பாய் வேலையில் ரொம்பக் கெடுபிடி. கேஸ் உண்டாக்கும் கார்பைடு டிரம்மை வெளியே நிழலில்தான் வைப்பார். பீடியோடு வருகிறவரைத் தெருவிலேயே நிறுத்திவிடுவார். மூடிய குழாயைச் சூடாக்கினால் உள்ளே காற்று விரிந்து வெடிக்கும் என்று, சின்னதாக ஒரு துளை போட்ட பிறகுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோவார். கருப்புக் கண்ணாடி இல்லாமல், பத்தவைக்க நெருப்பைப் பீய்ச்சும் டார்ச்சைத் தொடமாட்டார். "மாப்ள கூலிங் கிளாஸ் போட்டாச்சா?" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வார். கடையில் இரண்டு கண்ணாடி இருந்தது. ஒன்றை நான் மிதித்து உடைத்துவிட்டேன். மெட்ராஸ் போனால் வாங்கிவருகிறேன் என்று சொல்லியே ஆறு மாதம் ஓட்டினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காலையிலேயே கடையைக் கழுவி, சுத்தியல், அரம், இடுக்கி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினேன். கருப்புக் கண்ணாடிக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நடுவில் வைத்தேன். டார்ச் டிரம்மின் குழாயோடு மாட்டியிருந்ததால் அதைக் கழற்றவில்லை, பொட்டு மட்டும் வைத்தேன். பாய் குளித்துவிட்டு வந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைதான் எடுப்போம். அவருக்கும் அது தெரியும்.

மூன்று மணி வாக்கில் பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையிலிருந்து வாத்தியார் ஒருவர் வந்தார். அவருக்கு இடது கால் மடங்காது. அவருக்காகவே நாங்கள் செய்த சைக்கிள் அது. மேல் பாரை நன்றாகத் தாழ்த்தி, இடது பெடலை எடுத்துவிட்டு, அந்தக் காலை வைக்க ஒரு படி போட்டிருந்தோம். பார் இணைப்பில் விரிசல். அந்த இணைப்பு நான் பத்தவைத்தது.

"நாளைக்கு விஜயதசமி. புள்ளைங்கள சேர்க்க வருவாங்க. இது இல்லாம நான் எப்படி ஸ்கூலுக்குப் போறது?" என்றார்.

பாய் எழுந்தார். "நீ தொட வேணாம்ப்பா. உனக்கு பூஜை. நான் முடிச்சுக் குடுத்துடறேன்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "கண்ணாடிய மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"பூஜையில வச்சத எடுக்கக் கூடாது பாய். ஒரு ஜாயிண்டுதானே. கண்ண சுருக்கிக்கிட்டு அடிச்சிடுங்க" என்றேன்.

டார்ச் சாமி படத்துக்கு முன்னால் வரவில்லை, அதனால் அதற்குத் தோஷமில்லை என்று நானே தீர்ப்பும் சொன்னேன். அவர் டார்ச்சைக் கையில் எடுத்தார். இன்னொருவர் சாமி விஷயத்தில் மறுத்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அது எனக்கும் நன்றாகத் தெரியும்.

இணைப்பைப் பத்தவைத்து முடித்தார். பித்தளை ஒட்டுவதற்குப் போடும் வெங்காரம் ஆறினதும் மேலே சில்லுச் சில்லாக இறுகிக்கொள்ளும். அதைத் தட்டி எடுத்தால்தான் விரிசல் மூடியதா என்று பார்க்க முடியும். சுத்தியலும் பூஜையில் இருந்தது. பாய் கீழே கிடந்த ஓர் இரும்புத் துண்டை எடுத்துத் தட்டினார். இரண்டாவது தட்டில் கையைக் கண்ணில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரல் நடுவில் தண்ணீரும் ரத்தமும் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் பாய் சாப்பிடப் போயிருந்தபோது, என் சைக்கிள் சீட்டு ஆடுகிறது என்று பூஜையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து முடுக்கிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்ப வைத்திருந்தேன். என் சீட்டுக்கு எடுக்கலாம், அவர் கண்ணுக்கு எடுக்கக் கூடாது. என் பக்தியின் லட்சணம் இதுதான். வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே பஸ் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். சில்லை எடுத்தார்கள். அந்தக் கண்ணில் இனி வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும் என்றார்கள். கண்ணாடி ஏன் போடவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டார். "அவசரத்துல மறந்துட்டேன் சார்" என்றார் பாய். நான் பக்கத்திலேயே நின்றேன். இல்லை சார், நான்தான் தடுத்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் சம்சாரம் வந்தாங்க. கட்டிலோரம் நின்று அவர் கண்ணில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. அவங்களிடமும் பாய் அதையே சொன்னார், மறந்துட்டேன் என்று. நான் ஆமாம் என்பது போலத் தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவங்க என் பக்கம் திரும்பினாங்க.

"எல்லாத்துலயும் ஜாக்கிரதையா இருக்கற மனுசன், இதைப் போயி எப்படி மறந்தாருன்னே தெரியலண்ணே. இனிமேலு நீங்கதான் பக்கத்துல இருந்து சொல்லணும். நான் சொன்னா காதுல வாங்க மாட்டாரு. நீங்க சொன்னா அப்படியே கேப்பாரு."

பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"சொல்றேம்மா" என்றேன்.